தாங்கும் சக்திக்கு அளவுகோல் எது?

"கிழவி கெட்டிக்காரி, எதையும் தாங்குவாள்" என்று ஊரில் சொல்வதுண்டு. புகழ்ச்சியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் புகழ்ச்சிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. தாங்குகிறவள் என்று பெயர் எடுத்தவளுக்குத்தான் பொழுது சாய்ந்த பிறகும் வேலை. தாங்குகிறவளுக்குத்தான் வீட்டில் கடைசிச் சோறு. தாங்குகிற தோளின் மேல்தான் அடுத்த மூட்டையும் ஏறுகிறது.

இந்தத் தாங்கும் சக்தியை இன்று விஞ்ஞானிகள் அளந்து பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களிடம் அல்ல. முதியோர் விடுதிகளில் இருப்பவர்களிடமும் அல்ல. தம் வீட்டில், தம் தெருவில், ஊராரோடு ஊராராக வாழும் முதியவர்களிடம் அளக்கிறார்கள். கணவன் இறந்து போகிறான்; இடுப்பெலும்பு முறிகிறது; புயல் வந்து கூரையைக் கொண்டு போகிறது. இப்படி ஓர் அடி விழுந்த பிறகு ஒருவர் மெல்ல எழுந்து பழைய நிலைக்கு வருகிறார். அதே அடி விழுந்த இன்னொருவர் எழுவதே இல்லை. ஏன்? இதுதான் கேள்வி. இந்தச் சக்திக்கு ஆங்கிலத்தில் 'ரெசிலியன்ஸ்' என்று பெயர். நம் பாஷையில் 'தாங்கி மீளும் சக்தி' எனலாம்.

கேள்வி நல்ல கேள்வி. பாட்டாளிகளாகிய நமக்கு மிகவும் வேண்டிய கேள்வி. பஞ்சாலையில் முப்பது வருஷம் உழைத்துவிட்டு வெளியே வந்தவரும், வயலில் ஐம்பது வருஷம் குனிந்து நிமிர்ந்தவரும் நம் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறார்கள். நாளைக்கு நாமும் அங்கேதான் உட்காரப் போகிறோம். ஆகவே எப்படி அளக்கிறார்கள், எதை அளக்கிறார்கள், அளந்து முடித்து என்ன செய்கிறார்கள் என்பதை நாம் தெரிந்து கொள்ள வேண்டும். தராசைப் பிடித்திருப்பவன் யார் என்று பாராமல் எடை போட விடக் கூடாது என்பது நெல்லை அளந்து கூலி வாங்கிய காலத்திலேயே நாம் கற்ற பாடம்.

கேள்வித்தாள் கேட்பது என்ன?

இந்தச் சக்தியை அளக்க மார்க்குப் போடும் கேள்வித்தாள்கள் பல இருக்கின்றன. அமெரிக்காவில் வேக்னில்ட், யங் என்ற இரண்டு நர்ஸிங் ஆராய்ச்சியாளர்கள் 1993-ல் ஒன்றை வெளியிட்டார்கள். வாழ்க்கையில் பெரிய இழப்பைச் சந்தித்து மீண்டு வந்த 24 பெண்களிடம் பேசி, அவர்கள் சொன்னதிலிருந்து 25 வாக்கியங்களைத் தயாரித்தார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 7 வரை மார்க்கு. எல்லாவற்றையும் கூட்டினால் குறைந்தது 25, அதிகம் 175. இதைத் தம் வீடுகளில் வாழும் 810 பேரிடம் கொடுத்துச் சோதித்தார்கள்.

2003-ல் கானர், டேவிட்சன் என்ற இருவர் இன்னொரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். அதிலும் 25 கேள்விகள். முழு மார்க்கு 100. 2008-ல் ஆறே கேள்விகள் கொண்ட சிறிய தாள் ஒன்று வந்தது. 2011-ல் பிரிட்டனைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அதுவரை வந்திருந்த 19 அளவுகோல்களை எடுத்து வைத்துப் பரிசோதித்தார்கள். முடிவு என்ன? இதுதான் சரியான அளவுகோல் என்று சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லை என்றார்கள். ஒருவர் வேலையை இன்னொருவர் பரிசோதித்து, குறை இருந்தால் பகிரங்கமாகச் சொல்வது விஞ்ஞானத்தின் பெருமை. அதை நாம் மதிக்கிறோம்.

ஆனால் அந்தக் கேள்விகளை நம் கண்ணால் பார்ப்போம். 1993-ல் வந்த தாள் ஐந்து குணங்களைத் தேடுகிறது. ஒன்று, மனம் நிலைகுலையாமல் இருப்பது. இரண்டு, விடாமுயற்சி. மூன்று, தன் காலில் நிற்பது. நான்கு, வாழ்வதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்ற எண்ணம். ஐந்து, தன் பாதை தனிப் பாதை, சிலவற்றைத் தானே தனியாகச் சந்திக்க வேண்டும் என்ற உணர்வு.

ஐந்தும் நல்ல குணங்கள். யாரும் மறுக்கவில்லை. ஆனால் கவனியுங்கள்: ஐந்தும் ஒரு மனிதனின் தோலுக்கு உள்ளே இருப்பவை. உன் மனம் எப்படி? உன் உறுதி எப்படி? உன்னால் முடியுமா? எல்லாம் நீ, நீ, நீ! சில தாள்கள் உறவும் நட்பும் உண்டா என்றும் கேட்கின்றன, அது நல்லது. ஆனால் ரேஷன் கடை எத்தனை தூரம்? ஆஸ்பத்திரிக்கு பஸ் உண்டா? கையில் மாதம் எத்தனை ரூபாய்? மூன்று நாள் கதவு திறக்காவிட்டால் யாராவது வந்து தட்டுவார்களா? நாம் மேலே சொன்ன மூன்று தாள்களிலும் இந்தக் கேள்விகள் இல்லை.

இவை இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். குடி முழுகிய கதை ஒன்று இருக்கிறது.

சிக்காகோவில் நடந்தது

சிக்காகோ என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. 1886-ல் எட்டு மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர்கள் எழுந்த நகரம். மே தினம் பிறந்த நகரம். அதே நகரத்தில் 1995 ஜூலை மாதம் கொடிய வெக்கை அடித்தது. ஜூலை 13-ந் தேதி வெயில் 41 டிகிரியைத் தொட்டது. நம் வேலூர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் அங்கே காற்றில் ஈரம் அதிகம். இரவிலும் வெக்கை தணியவில்லை. செங்கல் வீடுகள் சூளைகளாயின. ஒரே வாரத்தில், வழக்கமாக இறப்பவர்களைவிட 739 பேர் அதிகமாக இறந்தார்கள். பிணக்கிடங்கில் இடம் போதாமல் குளிர்சாதன லாரிகளைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். பலர் பூட்டிய கதவுக்குப் பின்னால் தன்னந்தனியாக இறந்து கிடந்தார்கள்.

எரிக் கிளைனன்பர்க் என்ற சமூகவியல் ஆராய்ச்சியாளர் இதைத் துருவித் துருவி ஆராய்ந்து 2002-ல் புத்தகமாக வெளியிட்டார். அவர் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பகுதிகளை எடுத்துக் கொண்டார். ஒன்று நார்த் லான்டேல். மற்றொன்று சவுத் லான்டேல். இரண்டிலும் ஏழைகள். இரண்டிலும் தனியாக வாழும் முதியவர்கள் ஏராளம். இரண்டின் மேலும் ஒரே சூரியன்தான் காய்ந்தது. ஆனால் நார்த் லான்டேலில் லட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள். சவுத் லான்டேலில் லட்சத்துக்கு 4 பேர்தான். பத்து மடங்கு வித்தியாசம்!

எதனால் இந்த வித்தியாசம்? ஒரு பகுதிக் கிழவர்களுக்கு மன உறுதி பத்து மடங்கு அதிகமா?

இல்லை. நார்த் லான்டேல் ஒரு காலத்தில் தொழிலாளர்கள் நிறைந்த பகுதி. 1960-களின் கடைசியிலிருந்து பெரிய தொழிற்சாலைகள் மூடப்பட்டன, வெளியேறின. வேலை போனது. வேலையின் பின்னாலேயே ஜனங்களும் போனார்கள். 1960-ல் இருந்த ஜனத்தொகையில் பாதிகூட 1990-ல் இல்லை. கடைகள் மூடின. வீடுகள் இடிந்து காலி மனைகளாயின. தெருவில் இறங்கப் பயம். எஞ்சியிருந்த கறுப்பு இனத்து முதியவர்கள் கதவைச் சாத்திக் கொண்டு உள்ளேயே இருந்தார்கள். வெக்கை வந்தபோதும் கதவைத் திறக்கவில்லை.

சவுத் லான்டேலில் மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறியவர்கள் நெருக்கமாக வாழ்ந்தார்கள். கடைத்தெரு எந்நேரமும் கலகலப்பாக இருந்தது. கிழவர்கள் பயமின்றி வெளியே வந்தார்கள்; காய்கறி வாங்கும் சாக்கில் குளிர்ந்த கடைக்குள் நின்று வந்தார்கள்; நாலு பேர் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பகுதியில் தனியாக எஞ்சியிருந்த வெள்ளைக்கார முதியவர்களுக்கும் அதே தெரு பாதுகாப்பாக இருந்தது. ஆகவே இது ஓர் இனத்தாரின் குணம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. காப்பாற்றியதில் தெருவுக்குப் பெரிய பங்கு உண்டு.

1996-ல் வெளிவந்த ஒரு மருத்துவ ஆராய்ச்சியும் இதையே சொல்லிற்று. படுக்கையில் கிடந்தவர்கள், தனியாக வாழ்ந்தவர்கள், வீட்டை விட்டு வெளியே வராதவர்கள் அதிகமாக இறந்தார்கள். போக்குவரத்து வசதி உள்ளவர்களும், நாலு பேரோடு பழக்கம் உள்ளவர்களும் அதிகம் பிழைத்தார்கள்.

இன்னொரு விஷயம். தனியாக வாழ்ந்த முதியோரில் பெண்களே அதிகம். ஆனால் வயதைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால் இறப்பு ஆண்களிடையேதான் அதிகம். பெண்களுக்குப் பேச்சுத் துணை இருந்தது; வேலை போன ஆண்களுக்கு உறவும் அறுந்து போயிருந்தது. மில் தோழர்களே, இதை யோசித்துப் பாருங்கள். நம்மில் பலருக்கு ஷிப்டும் கேட்டும் டீக்கடையும்தான் உலகம். ரிடையரான மறுநாள் அந்த உலகத்தின் கதவு சாத்தப்படுகிறது.

இப்போது நினைத்துப் பாருங்கள். 1995 ஜூன் மாதம் இந்த இரண்டு பகுதிகளிலும் அந்த 25 வாக்கியத் தாளைக் கொடுத்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? நார்த் லான்டேலில் கதவைச் சாத்திக்கொண்டு யாரையும் எதிர்பாராமல் வாழ்ந்த கிழவர், 'தன் காலில் நிற்பது' என்ற இடத்தில் ஏழுக்கு ஏழு மார்க்குப் போட்டிருக்கக் கூடும். ஒரு மாதம் கழித்து அதே தனிமை அவர் உயிரைக் குடித்திருக்கும்!

இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி

அளவு தவறினால் அறிவு மட்டும் தவறுவதில்லை. நியாயமும் தவறுகிறது.

ஒரு விவசாயத் தொழிலாளிப் பெண். வயது 65. தனிக் குடிசை. கேள்வித்தாளோடு ஒருவர் வருகிறார். "கஷ்டம் வந்தால் உங்களால் சமாளிக்க முடியுமா, அம்மா?" என்று கேட்கிறார். அவள் என்ன சொல்வாள்? பக்கத்தில் மருமகள் நிற்கிறாள். முடியாது என்று சொன்னால் பாரம் என்று நினைப்பாள். மேஸ்திரி காதில் விழுந்தால் நாளைக்கு நடவுக்குக் கூப்பிட மாட்டான். "முடியும் சாமி" என்கிறாள். மார்க்கு ஏறுகிறது. மேலே இருப்பவர்கள் பார்க்கிறார்கள்: "ஆஹா, நம் கிராமத்து முதியோர் எவ்வளவு உறுதியானவர்கள்! இவர்களுக்கு உதவி எதற்கு?"

அவள் உள்ளதைச் சொல்லி, "முடியவில்லை" என்றால்? மார்க்கு குறைகிறது. அப்போது என்ன சொல்வார்கள்? "மன உறுதி போதவில்லை, தைரியமாக இருக்கச் சொல்லிப் போதனை செய்ய வேண்டும்." கூரை ஒழுகுகிறது, போதனை கிடைக்கிறது!

மார்க்கு ஏறினாலும் அவளுக்கு ஒன்றும் இல்லை; இறங்கினாலும் ஒன்றும் இல்லை. அதே அம்மாள் முதியோர் பென்ஷனுக்கு மனுக் கொடுக்கப் போனால், தனக்கு ஆதரவு இல்லை என்று காட்ட வேண்டும். ஓர் இடத்தில் உறுதியைக் காட்ட வேண்டும். இன்னோர் இடத்தில் கதியற்ற நிலையைக் காட்ட வேண்டும். அவள் வாழ்க்கை முழுவதும் பரீட்சைதான்.

"அப்படியானால் மன உறுதி என்று ஒன்று கிடையாதா?" என்று சிலர் கேட்பார்கள். உண்டு. நிச்சயமாக உண்டு. ஒரே தெரு, ஒரே பென்ஷன், ஒரே துயரம். ஒருவர் எழுகிறார், ஒருவர் சாய்கிறார். வேலைநிறுத்தக் காலத்தில் அடுப்பு எரியாத வீட்டில் குழந்தைகளை அணைத்துக்கொண்டு தலைநிமிர்ந்து நின்ற தாய்மார்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த உறுதியைக் குறைத்துப் பேச நமக்கு வாய் வராது. ஆனால் வெள்ளத்தில் வளைந்து நிமிரும் நாணலுக்கும் வேர் பிடிக்க மண் வேண்டும். மண்ணை அரித்துக்கொண்டு போகவிட்டு, நாணலின் குணத்தை ஆராய்வதில் என்ன பயன்?

உடம்பையும் அளக்கட்டும்

அளவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நன்றாக அளக்க வேண்டும் என்கிறோம்.

வாய்ப் பேச்சை நம்பாமல் உடம்பைப் பார்க்கும் எளிய சோதனைகள் உண்டு. 1994-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனையில் மூன்றே காரியங்கள்: கால்களைச் சேர்த்துத் தள்ளாடாமல் நிற்பது, கொஞ்ச தூரம் நடப்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருவது. முழு மார்க்கு 12. நடமாட்டம் குறையப் போகிறவர் யார் என்பதை இது முன்கூட்டியே காட்டிவிடுகிறது. ஒரு கடிகாரமும் ஒரு நாற்காலியும் இருந்தால் போதும்.

நம் நாட்டிலும் 2017-18-ல் 45 வயதுக்கு மேற்பட்ட 72,000-க்கும் அதிகமானவர்களிடம் ஒரு பெரிய சர்வே நடத்தினார்கள். பம்பாயில் உள்ள மக்கள்தொகை ஆராய்ச்சி நிலையம் இதில் முக்கிய பங்கு வகித்தது. கைப்பிடியின் பலம், நடையின் வேகம், நுரையீரலின் சக்தி, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் அளந்தார்கள். வருமானம், வேலை, குடும்ப நிலை பற்றியும் கேட்டார்கள். இந்த வழி நல்ல வழி. ஒருவர் உடம்பையும் அவர் நிற்கும் தரையையும் சேர்த்துப் பார்க்கும் வழி.

நுரையீரல் என்றதும் மில் தோழர்களுக்கு ஒன்று ஞாபகம் வரும். பஞ்சுத் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பது வைத்திய சாஸ்திரம் நிரூபித்த உண்மை. லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சை அடைப்பது அதன் முதல் அடையாளம். பல வருஷம் தூசியில் நின்றவருக்கு வயோதிகத்தில் மூச்சு வாங்குகிறது. மாடிப்படி ஏற முடியவில்லை. அவருடைய தாங்கும் சக்தி குறைந்தது அவர் மனத்தின் குற்றமா? அது தவணை தவணையாக வேலையிடத்தில் எடுத்துக் கொள்ளப்பட்டது. ஆகவே ஒருவருக்கு எவ்வளவு சக்தி மிஞ்சியிருக்கிறது என்று அளக்கும்போது, எவ்வளவு செலவாயிற்று, எங்கே செலவாயிற்று என்றும் எழுத வேண்டும்.

பென்ஷனும் ஓர் அளவுதான்

ஒரு சமூகம் தன் முதியவர்களை எந்த அளவுக்குத் தாங்குகிறது என்பதற்கும் அளவு உண்டு. அது ரூபாயில் இருக்கிறது.

நம் மாகாணத்தில் முதியோர் பென்ஷன் 1962-ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2023-ல் அது 1,200 ரூபாயாயிற்று. மத்திய சர்க்காரின் பங்கு என்ன? 1995-ல் 75 ரூபாய். 2006-ல் 200 ரூபாய். 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2023-லும் அதே 200 ரூபாய்தான்! பதினேழு வருஷத்தில் அரிசி விலை நின்றதா? மருந்து விலை நின்றதா? பிராவிடண்ட் பண்டோடு சேர்ந்த பென்ஷனில், குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014-ல் வைத்தார்கள். முப்பது வருஷம் நூல் இழுத்த கைக்கு ஒரு நாளைக்கு முப்பத்துச் சொச்சம் ரூபாய்!

இந்தப் பணத்தில் வாழ்ந்து காட்டுகிறவரிடம் போய், உங்களுக்குத் தாங்கும் சக்தி இருக்கிறதா என்று கேட்பது வேடிக்கை அல்லவா? அவர் உயிரோடு கதவைத் திறப்பதே பதில்.

நாம் கேட்கும் கேள்விகள்

ஆகவே, நம் பேட்டைகளிலும் சேரிகளிலும் முதியோரை அளக்க வருகிறவர்களிடம் நாம் சொல்ல வேண்டியது இது: உங்கள் தாளோடு எங்கள் கேள்விகளையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

ஒன்று: இவர் வீட்டுக் கதவு ஒரு நாள் திறக்காவிட்டால் கவனிப்பவர் யார்?

இரண்டு: தண்ணீர்க் குழாயும் ரேஷன் கடையும் இவர் நடக்கும் தூரத்தில் இருக்கின்றனவா? வழியில் உட்கார நிழல் உண்டா?

மூன்று: மாதக் கடைசி வாரத்தில் இவர் எத்தனை வேளை சாப்பிடுகிறார்?

நான்கு: உடம்புக்கு முடியாத நாளிலும் இவர் கூலி வேலைக்குப் போக வேண்டியிருக்கிறதா?

ஐந்து: சென்ற அடி விழுந்தபோது, புயலோ காய்ச்சலோ சாவோ, இவருக்கு முதலில் கை கொடுத்தது யார்? எத்தனை நாளில் கொடுத்தார்கள்?

ஆறு: நீங்கள் அளந்த அளவை வைத்து என்ன செய்வீர்கள்? யாருக்குச் சொல்வீர்கள்? எப்போது திரும்பி வருவீர்கள்?

ஆறாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். திரும்பி வராத அளவு, அளவே அல்ல. தாங்கி மீளும் சக்தி என்பது ஒரு நாள் மார்க்கு அல்ல. அடிக்கு முன் எப்படி இருந்தார், அடிக்குப் பின் எப்படி இருக்கிறார், ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார் என்று தொடர்ந்து பார்த்தால்தான் அது தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி டெல்டாவை அடித்துப் போட்டது. இப்படிப்பட்ட அடி விழுந்தால், முதியவர்களைத் தேடிப் போய் ஒரு வருஷம் கழித்தும் பார்க்க வேண்டும். அதற்கு வெளிநாட்டு நிபுணர் வர வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அந்தந்த ஊர்ப் பெண்களே வீடு வீடாகப் போய் மருந்து கொடுத்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அப்படிப்பட்ட கைகளில் ஒரு கடிகாரத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும், உழைப்புக்கு ஏற்ற சம்பளத்தையும் கொடுத்தால் இந்த வேலை நடக்கும்.

சர்க்கார் செய்யும் வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டாம். ஒவ்வொரு சங்கக் கிளையும், ஒவ்வொரு கிராமத்துத் தோழர்களும் ஒரு நோட்டுப் புத்தகம் போடலாம். நம் தெருவில் அறுபது தாண்டியவர் யார் யார்? தனியாக இருப்பவர் யார்? பென்ஷன் மனு எங்கே தேங்கிக் கிடக்கிறது? சித்திரை வெயிலில் காலையிலும் மாலையிலும் அந்தக் கதவைத் தட்ட வேண்டியவர் யார்? பெயர் எழுதிப் பொறுப்பு ஒப்படைக்கலாம். ரிடையரான தோழரைச் சங்க ஆபீசுக்கு வரச் சொல்லுங்கள்; பத்திரிகையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவருக்கு வேலை கிடைக்கும். நமக்கு அனுபவம் கிடைக்கும்.

தாங்கும் சக்தி தனி மனிதனின் நெஞ்சில் பாதி இருக்கிறது. மறு பாதி அவன் தெருவில், அவன் தட்டில், அவன் பென்ஷன் பணத்தில், அவன் கதவைத் தட்டும் கையில் இருக்கிறது. முதல் பாதியை மட்டும் அளந்துவிட்டு முழுக் கணக்கு என்று காட்டினால் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். மறு பாதியையும் அளக்க வேண்டும். குறைவு எங்கே என்று கண்டால் அதை நிரப்ப வேண்டும். நம் பெரியவர்கள் எவ்வளவு தாங்குவார்கள் என்பது அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையிலேயே தெரிந்துவிட்டது. நாம் அவர்களை எவ்வளவு தாங்குகிறோம் என்பதுதான் இனித் தெரிய வேண்டும்.